சி பிளாக்கில் இருந்த நான்

வேலை பார்த்த காலம் முழுக்க நான் எலிகளின் மூளையைச் சீவினேன். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் வழியில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன் வேலை. உறைந்த மூளையை ஐஸ் பெட்டி மாதிரியான ஓர் இயந்திரத்துக்குள் பொருத்திச் சக்கரத்தைச் சுற்றினால், உள்ளே இருக்கும் கத்தி அதை வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவிக்கொண்டு வரும். சீவிய துண்டுகள் கிண்ணத்து உப்புநீரில் பூவிதழ் போல மிதக்கும். படம் வரைகிற பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக ஏந்திக் கண்ணாடித் தகட்டில் விரிக்க வேண்டும். மூச்சு பலமாகப் பட்டால்கூட மடங்கிவிடும். எங்கள் சர்ச்சில் சிலர், ஆராதனை முடிந்து என் கையைப் பிடித்து ஸ்தோத்திரம் சொல்லக் கொஞ்சம் யோசிப்பார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்ததில்லை. அந்தக் கையைப் பற்றி எனக்குப் பெருமைதான்.

எங்கள் பேராசிரியை தேடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றை. வயதான மூளையில் புதிய செல்கள் பிறக்கின்றனவா? மூளையின் அடியில், உள்ளே சுருண்டு கிடக்கிற ஒரு பகுதி உண்டு. நினைவுகள் முதலில் வந்து இறங்குகிற இடம் அது என்பார் அவர். கடல்குதிரையின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். அதன் ஒரு வளைந்த விளிம்பில் மட்டும், பிறந்து வளர்ந்த பிறகும் புதுச் செல்கள் முளைத்துக்கொண்டிருக்கும். இளம் எலியின் துண்டுக்கு மருந்தேற்றி, இருட்டறையில் மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தால், அந்த விளிம்பு முழுக்கப் பச்சைப் புள்ளிகள் மின்னும். கடலோரத்து இருட்டில் வரிசையாக விளக்கு வைத்தது போல இருக்கும். கிழட்டு எலியின் துண்டை வைத்தால் இருட்டுதான். எங்கேயாவது ஓரமாக ஒன்று, மங்கலாக. பல சமயம் அதுவும் இருக்காது.

இன்னொரு சோதனையும் செய்வோம். பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் இரண்டு பெட்டிகள். ஒன்றில் எலியின் காலில் லேசாக ஷாக் அடிக்கும், மற்றதில் அடிக்காது. இளம் எலி சீக்கிரமே வித்தியாசம் கண்டுபிடித்துவிடும். கிழட்டு எலியோ எதுவும் நடக்காத பெட்டியிலும் மூலையில் போய்க் குறுகி உட்கார்ந்துகொள்ளும். அதற்கு இரண்டு பெட்டியும் ஒரே பெட்டிதான். புதுச் செல்கள் குறைந்தால், கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கிற இரண்டைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டமாகிவிடுகிறது என்று பேராசிரியை விளக்கினார்.

"மனுசங்களுக்கும் இப்படித்தானா மேடம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சில பேர் கடைசி வரைக்கும் பிறக்குதுன்னு சொல்றாங்க. சில பேர் சின்ன வயசோடவே நின்னுடுதுன்னு சொல்றாங்க. சண்டை இன்னும் ஓயல. உயிரோட இருக்கிறவங்க தலைக்குள்ள நாம எட்டிப் பார்க்க முடியாதே," என்றார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, செங்கல்பட்டில் ஏரியை ஒட்டியிருந்த பழைய வீட்டை விட்டுவிட்டு, சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கும் ஒரு அபார்ட்மென்ட்டுக்கு வந்தோம். மகன் புனேயில் இருக்கிறான். லிஃப்ட், செக்யூரிட்டி எல்லாம் இருந்தால் அவனுக்கு நிம்மதி. நான்கு பிளாக்குகள். எல்லாவற்றுக்கும் ஒரே சந்தன நிறம், ஒரே பழுப்புக் கோடு, ஒரே பச்சைக் கைப்பிடி. நாங்கள் பி பிளாக்கில் இரண்டாவது மாடி.

என் கணவர் கம்பெனி பஸ் ஓட்டியவர். அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கியே ஆயுசு போனது. மூடுபனியில் எதிரே எதுவும் தெரியாத காலையிலும் எந்தத் திருப்பம் எங்கே வரும் என்று அவருக்குத் தெரியும். வழி தவறியது என்ற பேச்சே எங்கள் வாழ்க்கையில் இருந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, எனக்குச் சீக்கிரம் உறைக்கவில்லை.

மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுக் கீழே ஒரு நடை போய் வருவது அவர் வழக்கம். ஒருநாள் அப்படிப் போய்விட்டுத் திரும்பியவருக்கு டீயைக் கொண்டுபோய் வைத்தேன். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இப்பத்தான குட்ச்சேன்."

"எங்க குடிச்சீங்க?"

"இன்னா கேள்வி இது? நீதான குட்த்தே."

மறதி என்று விட்டுவிட்டேன். நாலைந்து நாள் கழித்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு அந்த வெள்ளப் பொடவைய மாத்திகினே? அதுவே நல்லா இருந்திச்சே."

நான் காலையிலிருந்து அதே நீலப் பூப்போட்ட நைட்டியில்தான் இருந்தேன். வெள்ளைப் புடவை என்னிடம் கிடையாது. புருஷனை இழந்தவள் உடுத்துகிற புடவையைப் புருஷன் வாயிலிருந்தே கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். லேபில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டை நினைத்துக்கொண்டு சொல்கிறார். பழைய நினைவு மேலே மிதந்து வருகிறது, அவ்வளவுதான்.

ஆனால் அது நிற்கவில்லை. சமையலறைக்கு வந்து இடது பக்கத்து அலமாரியைத் திறந்து பிஸ்கட் டப்பாவைத் தேடுவார். அது எப்போதும் வலது பக்கம்தான். "இங்கதான வெச்சிருந்தே, காலீல கூட எட்த்துக் குட்த்தியே," என்பார். நான் சொல்லாத பேச்சை நான் சொன்னதாகச் சொல்வார். "நெத்திலி வாங்கினு வரச் சொன்னியே, மறந்துட்டேன்." நெத்திலி நாங்கள் வாங்கியே வெகுநாள் ஆகிறது. அவர் மீது ஒருநாள் ஏலக்காய் வாசனை அடித்தது. எங்கள் வீட்டு டீயில் நான் இஞ்சி மட்டும்தான் போடுவேன்.

தனியாக இருக்கும்போது எனக்கே சந்தேகம் வந்தது. எனக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நான்தான் ஏதாவது செய்துவிட்டு மறந்துபோகிறேனோ? ஒருநாள் அலமாரியில் இருந்த துணிகளையெல்லாம் கட்டில்மேல் எடுத்துப் போட்டு வெள்ளைப் புடவை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இல்லாதது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். படம் எடுத்து, கேள்விகள் கேட்டு, கடிகாரம் வரையச் சொல்லிப் பார்த்தார். "வயசானா எல்லாருக்குமே கொஞ்சம் குறையும்மா. இவருக்கு அதையும் தாண்டி இருக்கு," என்றார். மாத்திரை எழுதினார். "நல்லா நடக்கட்டும். புது இடங்களுக்குக் கூட்டிட்டுப் போங்க."

நடக்கட்டும் என்றதும் எனக்கு எலிக்கூண்டுகளில் வைத்திருந்த சக்கரம்தான் நினைவுக்கு வந்தது. சக்கரத்தில் ஓடிய எலிகளின் துண்டுகளில் பச்சைப் புள்ளிகள் அதிகமாக இருக்கும். கிழட்டு எலிகளில்கூடக் கொஞ்சம் கூடும். அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே என் புருஷனை நான் ஓட வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மாமல்லபுரம் கடற்கரை, வாரத்தில் ஒருநாள் திருக்கழுக்குன்றம் மலைப்படி. சாமி கும்பிட அல்ல, படிக்காகவே போனோம்.

அவர் திடமானவர், மூச்சிரைக்காமல் ஏறுவார். ஆனால் ஒரு வளைவு தாண்டி அடுத்த வளைவு வந்ததும் நின்றுவிட்டார்.

"இதே படிய இப்பத்தான ஏறுனோம்?"

"இல்லங்க, இது வேற. மேல வந்துட்டோம்."

"நீ சும்மா இரு. அந்தக் கல்லு, அந்த நெழலு, அதே எடம். எத்தினி வாட்டிதான் ஏறுறது?"

அடுத்த வளைவிலும் அதையே சொன்னார், அதற்கடுத்ததிலும். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. கீழே ஊரும் குளமும் வெயிலில் விரிந்து கிடந்தன. அதைப் பார்த்தும் நாம் ஏறவே இல்லை என்றார். நாங்கள் சுற்றியது சக்கரத்தில்தான் என்று எனக்கும் அப்போது தோன்றியது. அதற்குப் பிறகு மலைக்கு அழைத்துப் போகவில்லை.

கடற்கரையில் வேறு மாதிரி ஆயிற்று. கூட்டத்தில் என் உயரத்தில் இருந்த ஒரு பெண்ணின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ பேசியபடி நடக்க ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண் சத்தம் போட்டதும் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டு இழுத்து வந்தேன். வழியெல்லாம் அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் பார்வையில் நான் யாரோ ஒருத்தியை விரட்டிவிட்டு அவள் இடத்துக்கு வந்தவள்.

ஒரு மத்தியானம் அவர் கீழே இறங்கியதும் நானும் பின்னால் இறங்கினேன். நல்ல வெயில். பிளாக்குகளுக்கு நடுவில் ஆள் நடமாட்டம் இல்லை. அவர் தயங்காமல் நடந்தார். பஸ் ஓட்டிய நாட்களில் இருந்த அதே நிதானம். சி பிளாக்குக்குள் நுழைந்து படியேறினார். இரண்டாவது மாடி. எங்கள் வீடு எந்தப் பக்கமோ அதே பக்கம். கதவு திறந்தே இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

நான் வாசலில் போய் நின்றேன். உள்ளே எங்கள் கூடம். அதே ஜன்னல், அதே டைல்ஸ். பெரிய ரோட்டில் இருக்கும் கடையில் நாங்கள் வாங்கிய அதே பழுப்பு சோபா. அதில் என் கணவர், வீட்டில் உட்காருவது போலவே ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சமையலறையிலிருந்து வெள்ளைப் புடவை உடுத்தி, தலையில் முந்தானை போட்ட ஒரு அம்மாள் சோற்றுத் தட்டோடு வந்தாள். என் வயதோ, ஒன்றிரண்டு கூடவோ இருக்கும். என் உயரம். முகத்தில் எந்த ஒற்றுமையும் கிடையாது.

"வெயில்லயே வந்திருக்கீங்க. கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது," என்றாள் அவரிடம்.

எங்கள் வீட்டில் அரைவயிறு சாப்பிட்டுவிட்டு வந்தவர் எழுந்தார். குழாய் எங்கே என்று கேட்காமல் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். வந்தவர் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் என்னைப் பார்த்த கண். அதில் எதுவும் அசையவில்லை.

"யாரும்மா? இன்னா வோணும்?"

அந்த அம்மாள் தட்டை வைத்துவிட்டு அன்பாகச் சிரித்தாள். "உள்ள வாங்கம்மா. யாரப் பாக்கணும்?"

என் புருஷன் என்று சொல்ல நினைத்தேன். என் வாயிலிருந்து வந்ததோ வேறு.

"வூடு மாறி வந்துட்டேன்."

"அதான் இங்க பேஜாரு," என்றார் என் கணவர். "எல்லா வூடும் ஒரே மாதிரி கீது. பார்த்துப் போம்மா."

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. எங்கள் சோபாவில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலண்டர், சிலுவை, மகனின் கல்யாணப் போட்டோ. எல்லாம் இருந்தன. இருந்தும், இதுதான் அந்த வீட்டின் நகலோ என்று ஒரு கணம் தோன்றியது. சாயங்காலம் அவர் திரும்பி வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"எவளோ ஒரு பொம்பள வூடு மாறி வந்துட்டா, பாவம். நீதான் பார்த்தியே," என்றார் என்னிடம்.

அடுத்த நாள் காலையில் மறுபடியும் சி பிளாக்குக்குப் போனேன். அந்த அம்மாளின் மகள் வீட்டில் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். அவளும் அவள் கணவனும் செங்கல்பட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறார்கள். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார்கள். நான் யார் என்று சொல்லி, பார்த்ததைச் சொன்னேன். அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அழுதாள்.

"ஆன்ட்டி, சிங்க்ல தினமும் ரெண்டு தட்டு கிடக்கும். அத்தா மவுத்தாகி அஞ்சாறு வருஷம் ஆவுது. அம்மா ஞாபகம் தப்பி அவருக்கும் சேத்து சோறு போடுதுன்னு நெனச்சேன். ஆனா ரெண்டு தட்டுலயும் சாப்ட்டிருக்கும். மீன் முள்ளு தனியா ஒதுக்கி வெச்சிருக்கும். எனக்கு நடுக்கமாப் போச்சு. அத்தாதான் வந்து போறாரோன்னு... வீட்டுக்காரர்கிட்டக்கூடச் சொல்லல."

இறந்துபோன அவள் அப்பா, அவள் சொன்ன அத்தா, மாமல்லபுரத்தில் சங்கு, சிப்பிச் சாமான் விற்கிற கடை வைத்திருந்தவர். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வருவார். அந்த வேளை வந்தால் அம்மாள் இப்போதும் கதவைத் திறந்து வைத்துவிடுவாள். எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டாள். வாசல் திறந்து கிடந்தது, என் கணவர் நுழைந்தார். அந்த அம்மாள் அவரைத் தன் கணவர் என்றே நினைத்தாள். அவர் அவளை நான் என்றே நினைத்தார்.

கதவைப் பூட்டிவிட்டுப் போகிறேன் என்றாள் மகள். நான் அவரைத் தனியே விடமாட்டேன் என்றேன். இரண்டு பேரும் சொன்னபடி செய்தோம். அந்த நாட்கள் கொடுமையாக இருந்தன. வேளை வந்ததும் அவர் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். "வூட்டுக்குப் போவணும்" என்று என் கையைத் தள்ளினார். அங்கே அந்த அம்மாள் உள்ளிருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள், சோற்றைத் தொடவில்லை. கடைசியில் மகள்தான் வந்தாள்.

"அவரு வந்தாத்தான் அம்மா சாப்பிடுது ஆன்ட்டி. நாலு பேரு பாத்தா என்ன சொல்வாங்களோன்னு பயமாத்தான் இருக்கு. ஆனா..."

"வரட்டும்மா. நான் பக்கத்துலயே கீறேன்," என்றேன்.

பொறாமை இல்லாமல் இல்லை. நான் போட்ட சோற்றில் குறை சொல்கிறவர் அங்கே தட்டை வழித்துச் சாப்பிட்டார். சி பிளாக் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் பேசுவதைக் கேட்பேன்.

"கடையில கூட்டமா?" என்பாள் அவள்.

"கூட்டந்தான். நின்னுகினே வந்தானுங்க," என்பார் அவர்.

"வெள்ளக்காரங்க வந்தாங்களா?"

"பரனூர்ல ஏறுனான் ஒருத்தன்."

அவள் கடையைப் பேசினாள், அவர் பஸ்ஸைப் பேசினார். இரண்டுக்கும் நடுவில் இருந்த பள்ளம் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. குரலில் மட்டும் நீண்டநாள் புருஷன் பெண்டாட்டியின் சலிப்பும் வாஞ்சையும் அப்படியே இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யாருக்கும் ஒரு சந்தேகமும் வராது. கண்ணைத் திறக்கத்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

ஒருநாள் காலையில் எங்கள் வீட்டில் இட்லித் தட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் விண்டு வாயருகே கொண்டுபோய், நிறுத்தி, "பிஸ்மில்லா" என்றார். பிறகு சாப்பிட்டார்.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர். ஆயுசில் ஒருமுறைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அங்கே சாப்பிட உட்காரும்போது அந்த அம்மாள், "பிஸ்மி சொல்லுங்க, மறந்துட்டீங்களா?" என்று கேட்பதை நான் படியிலிருந்து கேட்டிருக்கிறேன். இந்தக் காலத்தில் அவருக்குள் எதுவும் போய்த் தங்கவில்லை. புதுத் தெரு தங்கவில்லை, பேத்தி பிறந்த செய்தி தங்கவில்லை. இது தங்கியிருக்கிறது. கிழட்டு எலியின் துண்டில் எப்போதாவது ஓரமாகத் தெரியும் புள்ளியை நினைத்தேன். அவருக்குள் அப்படி ஒன்று முளைத்திருந்தால், அது நான் இல்லாத வீட்டில் முளைத்திருக்கிறது.

பேராசிரியைக்குப் போன் செய்து சொன்னேன். அவரும் இப்போது ஓய்வு பெற்று, பெங்களூரில் மகளோடு இருக்கிறார்.

"புதுசா பிறந்த செல் மத்ததோட சேர்ந்து வேலை செய்ய எலிக்கே வாரக்கணக்கா ஆகும். உங்க வீட்டுக்காரர் தலைக்குள்ள என்ன நடக்குதுன்னு நான் சொல்ல முடியாதும்மா. பழக்கம்ங்கறது மூளையில வேற வழியாவும் பதியும். அதுவா இருக்கலாம். நீங்க ஆசைப்படறதா இல்லாமலும் இருக்கலாம்," என்றார். பிறகு, "இப்போ நானே சாவியை எங்க வெச்சேன்னு தேடிட்டிருந்தேன்," என்று சிரித்தார்.

மழைக்காலம் தொடங்கும் சமயம் அது நடந்தது. அன்று எனக்குக் காய்ச்சல். அவரோடு போகாமல் வீட்டிலேயே படுத்துவிட்டேன். வழக்கமாக வருவதற்கு முன்பே அவர் வந்துவிட்டார். கதவை மெதுவாகச் சாத்தினார். நுனிக்காலில் நடந்து வந்து, கட்டிலில் படுத்திருந்த என்னைக் குனிந்து பார்த்தார். முகத்தில் குழப்பம்.

"இங்க எப்ப வந்தே?" என்றார் தாழ்ந்த குரலில். "நீ அங்க தூங்கிகினு கீறே. எழுப்பிப் பார்த்தேன், எந்திரிக்கல. கை ஜில்லுன்னு இருந்திச்சி. ஃபேன நிறுத்திட்டு, போத்தி உட்டுட்டு வந்தேன்."

நான் எழுந்து உட்கார்ந்தேன். அவர் என் கையைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சலில் அது கொதித்தது. "இப்ப சூடா கீது," என்றார்.

செருப்பு போடாமல் ஓடினேன். சி பிளாக் கதவு திறந்திருந்தது. சோபாவில் அந்த அம்மாள் சாய்ந்து கிடந்தாள். கழுத்து வரை ஒரு துப்பட்டி போர்த்தியிருந்தது. நான் காய்ச்சலில் கிடந்தால் அவர் எனக்குப் போர்த்துவது போலவே, ஓரங்களை உள்ளே செருகிவிட்டிருந்தார். ஃபேன் நின்றிருந்தது. மேசையில் இரண்டு தட்டு. ஒன்றில் சாப்பிட்டு முடித்திருந்தது, மற்றதில் சோறு அப்படியே இருந்தது. நான் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தேன். எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை.

மகளுக்குப் போன் செய்துவிட்டு, அவள் வரும்வரை அந்த அம்மாளின் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அந்த மழைச் சத்தத்தில், அவர் சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நீ அங்கே தூங்குகிறாய். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க, அதில் என் சாயல் எங்காவது இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டேன். அவள் முகத்தை மூடலாமா என்று கை போயிற்று, மூடவில்லை. மூடினால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாமல் போய்விடும் என்று பயந்தேன்.

மகள் வந்தாள். அழுது ஓய்ந்த பிறகு என்னிடம் கேட்டாள்.

"கடைசியா அவரு பக்கத்துல இருந்தாரா ஆன்ட்டி?"

"இருந்தாரும்மா. போத்திவிட்டது அவருதான்."

"அப்ப அம்மா அத்தா கூடத்தான் இருந்திருக்கு," என்றாள்.

அவர்கள் கொஞ்ச நாளில் வீட்டைக் காலி செய்துகொண்டு கடைக்குப் பக்கத்திலேயே போய்விட்டார்கள். கதவில் பூட்டு தொங்கியது. என் கணவர் ஒவ்வொரு மத்தியானமும் அங்கே போவதை நான் தடுக்கவில்லை. படியில் மறைந்து நின்று பார்ப்பேன். பூட்டைத் தொட்டுப் பார்ப்பார், சட்டைப் பையில் சாவியைத் தேடுவார். கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு இறங்குவார். நான் முன்னாலேயே ஓடி வீட்டுக்கு வந்துவிடுவேன்.

முதல் நாள் அப்படித் திரும்பியபோது எங்கள் வீட்டு மணியை அடித்தார். அவர் தன் வீட்டு மணியை அடித்து நான் பார்த்ததே இல்லை. கதவைத் திறந்தேன். கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"ஒண்ணும் தப்பா நெனச்சிக்காதீங்க. எங்க வூடு பூட்டிகீது. வூட்டுக்காரி எங்கியோ போயிட்டா. அவ வர்ற வரைக்கும் இங்க உக்காந்துக்கட்டுமா?"

"உள்ள வாங்க," என்றேன்.

சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். டீ கொடுத்தேன். விருந்தாளி மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இருட்டத் தொடங்கியபோதுதான் கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் மாறி, காலை மடித்துப் போட்டு, சாப்பாடு ஆயிற்றா என்று என்னை அதட்டினார். எந்த இடத்தில் விருந்தாளி போய் என் புருஷன் வந்தார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாளும் அதேபோல மணி அடித்தது. அதற்கு மறுநாளும். ஒவ்வொரு தடவையும் முதன்முதலாகப் பார்ப்பது போலவே, அதே வார்த்தைகளில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றார். நானும் முதன்முதலாகத் திறப்பவள் போலவே அழைத்தேன். சில நாள் எரிச்சல் வந்து கத்தியிருக்கிறேன். அப்போது அவர் பயந்துபோய்ப் படியிறங்கிப் போய்விட, தேடி அழைத்து வர வேண்டியதாயிற்று. பிறகு கத்துவதை விட்டேன். மழைக்காலம் முடிந்து பனி தொடங்கிவிட்டது.

தை பிறந்த பிறகு ஒரு மத்தியானம் மணி அடித்தது. திறந்தேன். வழக்கமான மன்னிப்பு வரவில்லை. அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். புருவம் நெரிந்தது.

"நேத்து வந்தேனே," என்றார். "நீங்கதான டீ குட்த்தீங்க?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். நேற்று. அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

"ஆமா. நான்தான்."

"அதான பாத்தேன். எங்கியோ பாத்த மொகமா கீதேன்னு." காலை மிதியடியில் துடைத்துக்கொண்டு, கூச்சமில்லாமல் உள்ளே வந்தார். சோபாவின் நுனியில் உட்காராமல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சுவரில் இருந்த மகனின் கல்யாணப் போட்டோவை, அதில் நானும் அவரும் நிற்பதை, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்க வூட்டுக்காரரு எங்க? ஆளையே காணமே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"வெளிய போயிருக்காரு," என்றேன். "வர்ற நேரந்தான்."

"வரட்டும், வரட்டும். பேசிகினு இருக்கலாம்," என்றார்.

நான் அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்தேன்.